ஒரு மீட்டருக்கு ஒரு பேர்

லிஃப்ட்காரர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் உள்ளே நின்று பொத்தானை அழுத்துகிறவர் இல்லை. நின்றுபோன லிஃப்டை ஓட வைக்கிறவர். எந்தக் கட்டடத்தில் யார் நடுமாடியில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். அதனால் கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் தோளில் கருவிப்பை தொங்கும். பேச்சு மட்டும் அவரிடம் பெயராது. ஒரு நாளைக்கு நாலு "ம்" சொன்னால் அதுவே அதிகம்.

அந்தக் குறையை மனைவி தீர்த்துவைத்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்து, இது ரத்தம், இது மருந்து, இது குழம்பு என்று பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவார். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இருவருக்கும் ஒத்துப்போகாதது ஒன்றுதான்: லிஃப்ட்காரர் நீலக்கொடிக் கட்சி, மனைவி மஞ்சள்கொடிக் கட்சி. தேர்தல் வந்தால் சாப்பாட்டு மேசையில் அனல் பறக்கும். மனைவி ஒரு மணி நேரம் வாதாடுவார்; லிஃப்ட்காரர் கடைசியில் ஒரு "ம்ஹூம்" போட்டு அத்தனையையும் கவிழ்த்துவிடுவார்.

ஒரு தேர்தலில் புதிதாக ஒரு கெடுபிடி வந்தது. பட்டியலில் பேர் இருந்தால் போதாது, அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாதவர்கள் தங்கள் பேரில் வந்த கரண்ட் பில்லையாவது காட்ட வேண்டும். இருவருக்கும் அட்டை இல்லை. அதற்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள். இருவரும் பிறந்த ஊரில் அந்தப் பதிவுகளை எல்லாம் ஒரு வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. கரண்ட் பில் லிஃப்ட்காரர் பேரில் வந்தது. அவர் ஜம்மென்று ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குறது யாருன்னு அவங்களுக்குத் தெரியலையாம்" என்று மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது யாரிடமும் சொல்லாமல் மின்சார அலுவலகத்துக்குப் போனார். பில்லை மனைவி பேருக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"நீங்க உயிரோடதானே சார் இருக்கீங்க?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"ம்."

"அப்புறம் எதுக்கு? உங்களுக்கு எதுக்காவது பில் தேவைப்பட்டா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு பேர் பேரையும் போட முடியாதா?"

"ஒரு மீட்டருக்கு ஒரு பேர்தான் சார்."

லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

தன் பேர் அச்சடித்து வந்த பில்லை மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். "அப்போ உங்களுக்கு?" என்று கேட்டார்.

"கம்பெனி அட்டை இருக்கு" என்றார் அவர். கம்பெனி அட்டை செல்லாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பேசாத மனுஷர் சொல்லும் பொய்யை யார் சந்தேகப்படுவார்கள்? மனைவி நம்பிவிட்டார்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. இந்த வரிசையில் நின்றபடி லிஃப்ட்காரர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அதிகாரி பில்லை வாங்கினார், பட்டியலில் விரலை ஓட்டினார், தலையசைத்தார். மனைவி உள்ளே போனதும் லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாக வரிசையை விட்டு விலகி, சுவரோரம் போய், பையிலிருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்தார்.

மனைவி மை வைத்த விரலை ஈரம் காயட்டுமென்று தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க போட்டாச்சா?"

"ம்" என்று தன் விரலைக் காட்டினார். நகத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு.

மனைவி பார்த்தார். சலவைக்கூடத்தில் பார்க்கும் அதே பார்வை. கையிலிருந்த கைக்குட்டையால் அந்த நகத்தை ஒரு துடைப்புத் துடைத்தார். கறுப்பு முழுசாகத் துணிக்கு வந்துவிட்டது.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மனைவி வெகுநேரம் அந்த விரலை விடவில்லை.

"கம்பெனி அட்டைன்னு சொன்னீங்களே."

அவர் மறு கையால் கருவிப்பையின் வாரைச் சரிசெய்தார்.

"நான் மஞ்சளுக்குத்தான் போட்டேன், தெரியுமா?" குரல் உடைந்துவிட்டது.

"தெரியும்" என்றார் லிஃப்ட்காரர்.