ஆற்றோரத்துப் பிடிமண்

தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே பலாமரத்தடியில் கருப்பசாமியை ஊன்றிய அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், பெரிய கங்காணி இருந்தார். தேங்காய் கொண்டுவந்து கொடுத்த பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் ஒருவரும் கைகட்டி நின்றார். சித்தப்பா இல்லை. சாமிக்கு மண் கொண்டுவந்தவர் அவர்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பால் வெட்டினார்கள். அந்த வருடம் என் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். திருச்சி ஜில்லாவில் சாமியைப் பட்டினி போட்டுவிட்டு இங்கே நாம் சோறு தின்கிறோம், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மா அழுதாள். குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வேறிடத்தில் வைத்துக் கும்பிட்டால் சாமியும் கூடவே வந்துவிடும் என்பது எங்கள் வழக்கம். இனி நாம் திரும்பிப் போகப்போவதில்லை, சாமி இங்கே வரட்டும் என்றார் அப்பா.

போய்வரச் சித்தப்பாதான் சரியான ஆள். சம்பள நாளென்றால் அவருக்கு ஊர்ப்பேச்சுத்தான். அங்கே கத்தரிக்காய்கூட இங்கே உள்ளதைவிடப் புத்திசாலி என்பது போல் பேசுவார். அப்பா நாற்பது ரூபாய் கொடுத்தனுப்பினார். பாதி வழிச்செலவுக்கு, பாதி சாமிக்குக் கிடா வெட்ட.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார். அப்பா மலையில் வேலையாக இருந்ததால் ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். கடைத்தெருவில் சோனக நானாவின் ரொட்டிக் கடையில் எனக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தார். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கப்பலேறுமுன் நோய் பார்க்கும் மண்டபம் கேம்பில் அடைபட்டு வந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். ஆற்றோரம் வந்ததும் இறங்கி ஒரு பிடி மண் அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தார். கொண்டுவந்த மண் வழியில் சிந்திக் குறைந்துவிட்டது போலும் என்று நினைத்தபடி நான் பணிஸைத் தின்றேன்.

லயத்து வாசலில் அப்பா குளித்துவிட்டுக் காத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தார். எங்கள் ஊர் மண் கறுப்பு. துணியில் இருந்ததோ காக்காய்ப்பொன் கலந்து மினுக்கியது.

"இது எந்த ஊரு மண்ணுடா?"

"ஆத்தோரத்துல அள்ளுனதுண்ணே."

கிடாக் காசைக் குடித்தே தீர்த்துவிட்டான் போல என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் ஊரில் நடந்ததைச் சொன்னார். மண் கொடுப்பதில் பங்காளிகளுக்குத் தடையில்லையாம். ஆனால் பிடிமண் எடுத்துப் போகிறவன் ஊரை விட்டவன், அவன் பேரைத் தலைக்கட்டு வரியிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார்களாம். அந்த வரியைக் கட்டும் குடும்பம்தான் ஊர்க் குடும்பம். பேர் போய்விட்டால் பிறகு விருந்தாளியாகத்தான் அங்கே போகலாம்.

"கிடாக் காச ஒன் வரிப் பாக்கிக்குக் கட்டிட்டேன். ஒம் பேர எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரலண்ணே. நாளைக்குத் தொரை போடான்னா எங்கே போவே?"

அப்பா குரலை உயர்த்தவில்லை. "எம் புள்ளைய இங்க பொதைச்சிருக்கேன். நான் எந்த ஊருக்காரன்னு சொல்ல நீ யாருடா?"

"அப்ப நான் எந்த ஊருக்காரன்னு நீ சொல்லு."

"நீ அங்கேயே போ. போயி வரியக் கட்டு."

மறுநாள் காலையில் சித்தப்பா போய்விட்டார். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டார். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவும் தலையைத் தூக்காமல், ஏற்கெனவே தீட்டியிருந்த பால்கத்தியை மறுபடி தீட்டிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஆற்று மண்ணையே குழியில் இட்டுக் கல்லை ஊன்றினார்.

மண் கறுப்பாக இல்லாததால்தான் சண்டை வந்தது என்பது என் முடிவு. ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் சாம்பல் கொட்டுமிடத்தில் மண் நல்ல கறுப்பு. சட்டை நிறைய அள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"கறுப்பு மண்ணு கெடைச்சிருச்சுப்பா. சித்தப்பாவ வரச் சொல்லுங்க."

அடி விழும் என்று அம்மா ஓடிவந்தாள். அப்பா அடிக்கவில்லை. என்னைப் பீலிக்கு அழைத்துப்போய், விழும் தண்ணீரில் என் கையை விரல் விரலாகக் கழுவிவிட்டார். சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசியில் மணியார்டர் அனுப்ப என்னைத் தபால் கந்தோருக்குக் கூட்டிப்போனார். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சித்தப்பாவுக்கு இரண்டு ரூபாய், தன் பேருக்கு வரி கட்டச் சொல்லி. எதற்காகச் சண்டை போட்டாரோ அதற்கே காசு அனுப்புகிறாரே என்று எனக்குக் குழப்பம். ஏனென்று கேட்டதற்கு, "எழுதுறத ஒழுங்கா எழுது" என்றார். ஒவ்வொரு மாசியிலும் எழுதினேன். கட்டியாயிற்று என்று பதில் வரும். வா என்று இவரும் எழுதச் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. வரலாம் என்பது கேட்காமலே இருவருக்கும் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

போன வருடம் அப்பாவைத் தங்கைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அதற்கும் சித்தப்பா வரவில்லை. ஒன்பது மாசிக்கு வரிக்காசு பதினெட்டு ரூபாய். முதலில் கொடுத்தனுப்பிய நாற்பதையும் சேர்த்தால் ஐம்பத்தெட்டு. அந்தக் காசில் சித்தப்பா இரண்டு தடவையாவது வந்து போயிருக்கலாம்.