மேவிஸும் பாட்டு நாற்காலியும்

மெர்ஸ்டன் ரோவர்ஸ் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு மேவிஸ் ஓக்டன் சாப்பாடு போடத் தொடங்கி முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அதில் கடைசி மூன்று சீசன்கள்தான் அவளை அதிகம் ஓட வைத்தவை. கிளப் முதலில் ஏழாவது இடத்தில் முடித்தது, பிறகு நான்காவது, போன மே மாதம் இரண்டாவது. ஒவ்வொரு கோடையிலும் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள்: ஆறு, ஏழு, ஆறு. அந்தப் பத்தொன்பது பேரில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்கு மனப்பாடம். கோல்கீப்பருக்கு முட்டை ஆகாது. பிரெஞ்சுக்காரன் பீன்ஸைத் தட்டு விளிம்புக்கு ஒதுக்கிவிடுவான்.

புதிதாக வருபவன் முதல் மதியச் சாப்பாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று பாட வேண்டும். அது அங்கே வழக்கம். சாப்பாட்டுக்கூடத்து நாற்காலிகளுக்குச் சக்கரம் இருந்ததால், மேவிஸின் சமையலறையில் கிடந்த மர நாற்காலிதான் அதற்குப் போகும். பதினெட்டு பேர் அதில் ஏறினார்கள். அதற்குப் பெயின்ட் அடித்திருந்த நாளில் வந்த ஒருவன் மட்டும் மேசை மேல் நின்று பாடினான். பதினோராவது ஆட்டத்தில் அவன் முழங்கால் போயிற்று. அதன்பின் கேப்டன் கேரத் ஹோய்ல் வேறெதிலும் யாரையும் ஏற விடுவதில்லை.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, இருபதாவது ஆளாக பெக்கா கிக்னாட்ஸே வந்தான். ஜார்ஜியாக்காரன், தடுப்பாட்டக்காரன். கிளப் அதுவரை யாருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. அன்று அவன் சாப்பிட வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

"தலைக்கனம்டா. நம்மகூட உக்காந்தா கிரீடம் கழண்டுருமாம்" என்றான் கேரத். "திங்கக்கிழமை பாடலன்னா ஐஸ் தொட்டியில தூக்கிப் போட்டுற வேண்டியதுதான்."

சனிக்கிழமை மேவிஸ் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டில் வைத்து மூடி, கார்கள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். பெக்கா காருக்குள் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். மூன்று வாரத் தாடி.

"ஏன் கண்ணு, என் சமையல் பிடிக்கலையா?"

"சமையல் இல்லம்மா, பாட்டு." அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான். "அப்பா இறந்துட்டாரு. ஜூலை பத்தொம்பது. நாப்பது நாளைக்கு எங்க வீட்ல ஷேவ் கிடையாது, பாட்டு கிடையாது."

"அவங்ககிட்ட சொல்லேன். அவங்களும் மனுசங்கதானே."

"வந்த மூணாம் நாளே எல்லாரும் என்னைப் பாவமா பாக்கணுமா? வேணாம்மா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

மேவிஸ் விரல்விட்டு எண்ணினாள். ஆகஸ்ட் இருபத்தேழு. "திங்கக்கிழமை தைரியமா சாப்பிட வா" என்றாள்.

அன்று மாலை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாற்பத்துமூன்றாம் எண் பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க சீட்டு மேல அவ்வளவு அவநம்பிக்கையாம்மா?"

"வாயை மூடிட்டு ஓட்டுய்யா."

திங்கட்கிழமை பெக்கா வந்து உட்கார்ந்ததும் கூடம் முழுக்கக் கரண்டியால் மேசையைத் தட்டியது. கேரத் சமையலறைக்குள் வந்தான்.

"நாற்காலி எங்க மேவிஸம்மா?"

"கால் ஆடுது. ரிப்பேருக்குப் போயிருக்கு."

"எந்தக் கடை? நானே போய் எடுத்துட்டு வரேன்."

மேவிஸுக்கு ஒரு கடைப் பெயரும் வாயில் வரவில்லை.

"கடையில இல்ல. என் வீட்ல இருக்கு. நான்தான் எடுத்துட்டுப் போனேன். ஏன்னு கேக்காத கேரத்."

கேரத் கதவு வழியாக பெக்காவைப் பார்த்தான். இத்தனை சத்தத்திலும் அவன் தலையைக் குனிந்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தடுத்து ரெண்டு மேட்ச் இருக்கும்மா. பாடாதவன இறக்கினா பசங்க பயப்படுவாங்க."

"பசங்களா, நீயா?"

அவன் காது சிவந்தது.

"எது வரைக்கும்?"

"இருபத்தேழு."

கேரத் கூடத்துக்குப் போய்க் கத்தினான்: "நாற்காலி இருபத்தேழாம் தேதி வரைக்கும் வராது! ஏன் எதுக்குன்னு எவனும் கேக்கக் கூடாது. தின்னுங்கடா!"

முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பெக்கா தட்டை எடுத்துக்கொண்டு மேவிஸிடம் வந்தான். அவள் ஒரு கரண்டி கறி போட்டாள். அவன் தட்டை நகர்த்தவில்லை. இன்னொரு கரண்டி போட்டாள்.