இருபத்துமூன்று முருகன்

வவுனியாவில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பிரேமிளாவுக்கு ஆறு வருடமாக வேலை. ஊர் பூவரசங்குளம், தாத்தா காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். முதலாளி யோகநாதன் அதை ஒருநாளும் மறக்க விட்டதில்லை. தோட்டத்து ஆட்களுக்குக் கொழுந்து கிள்ளத்தான் தெரியும், கொம்பியூட்டர் எங்கே தெரியும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அந்த வாய்க்கு ஒரு பூட்டுக் கிடைக்காதா என்று அவள் ஏங்காத நாளில்லை.

மூன்று கிழமையாக நிலையத்துக் கொம்பியூட்டர் நாளுக்கு நாள் வேகம் குறைந்து நத்தையாக ஊர்ந்தது. ஓர் அறிக்கை அச்சாக அரை மணித்தியாலம். இவள் படம் பார்த்தே அதைப் பழுதாக்கிவிட்டாள் என்று யோகநாதன் முடிவுகட்டினார். வெள்ளிக்கிழமை காலை, பதினொரு நோயாளிகள் பார்த்திருக்க, சத்தம் போட்டார்.

"பின்னேரம் திறப்பை வைச்சிட்டுப் போ. இனி வராதை." நிலையத்துக் கதவின் சாவி அவளிடம்தான் இருந்தது.

பிரேமிளாவின் இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. கொம்பியூட்டரை ஓட்டும் லினக்ஸின் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் free கட்டளையை அடித்தாள். எட்டு ஜிபி நினைவகத்தில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. தின்பது யார் என்று பார்க்க, ஓடும் செயலிகளை நினைவக அளவுப்படி வரிசையாக்கும் ps கட்டளையைக் கொடுத்தாள். ஒரே பாட்டுச் செயலி, இருபத்துமூன்று வரி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் யோகநாதனின் பெயர்.

அவருடைய அறைத் திரையும் இதே இயந்திரத்தில்தான் ஓடியது. இயந்திரமோ இரவிலும் நிற்பதில்லை. தினமும் நிலையம் திறந்ததும் அவர் முருகன் பாட்டுப் போடுவார். பாட்டு முடிந்தாலும் திரையில் முருகன் படம் நிற்கும் யன்னலை மூடமாட்டார். சாமி முகத்துக்கு மேலே பெருக்கல் குறியை அமத்துவது அபசகுனமாம். கீழே இறக்கி ஒளித்துவிட்டு, மறுநாள் புதிதாக ஒன்று திறப்பார்.

பிரேமிளா திரையை நோயாளிகள் பக்கம் திருப்பினாள். "சேர், மெமரியைத் தின்னுறது நான் இல்லை. உங்கட பேர்தான் கிடக்கு."

இருந்தவர்கள் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். யோகநாதனின் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தினார்.

"சரி. நீ மூடு. உன்ர கையாலை மூடு."

அவள் மூடினால் பாவம் அவளுக்கு, பலன் அவருக்கு. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நிறுத்த அவளுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டாள்.

"இது கொழுந்து கிள்ளுற கை, சேர். நீங்களே மூடுங்கோ."

அறைக் கதவு திறந்தே கிடந்தது. பதினொரு பேரும் பார்த்திருக்க, யோகநாதன் ஒவ்வொன்றாக மூடினார். ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபத்துமூன்றாவது மூடியதும் தேங்கிக் கிடந்த அறிக்கைகளெல்லாம் மளமளவென்று அச்சாகி விழுந்தன.

பின்னேரம் அவர் திறப்பைப் பற்றி மூச்சே விடவில்லை. பிரேமிளா அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.