ஜப்பான்காரன் சேணத்துக்கு நான் போட்ட தையல்

அந்த ஜப்பான் அதிகாரி குதிரையிலிருந்து விழுந்தபோது ரப்பர் தோட்டத்து ஜனம் முழுக்க, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் ஒரே சமயத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அவன் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சேணத்தைக் குதிரையின் வயிற்றுப் பட்டையோடு பிணைக்கிற தோல் வார் அறுந்து தொங்கியது. அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

ஆள் நல்லவனா கெட்டவனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கத்தமாட்டான். கத்தாதவனிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

அன்று காலைப் பெரட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதற்காக இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று தோட்டத்து ஆண்களையும் சாலையோரத்துக் கடைக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் வேலை, அரிசி உண்டு, துணி உண்டு, திரும்பி வந்துவிடலாம் என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி படித்தார். முதல் லாரியில் போனவர்கள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுடைய மூன்று மாதம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. கிராணியின் பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயர் ஏற்கெனவே ஏறிவிட்டது. நான் பெண்கள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம்.

அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். அறுந்த வாரைத் தூக்கிக் காட்டி, இதை யார் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டான். கிராணி பென்சிலால் என் வீட்டுக்காரரைக் காட்டினார். அதிகாரி மூன்று விரலைக் காட்டினான். மூன்று நாளில் சேணம் சரியாக வந்தால் இவன் இங்கேயே இருக்கலாம், வராவிட்டால் மற்றவர்களோடு லாரி ஏறவேண்டும். கிராணி தமிழில் சொன்னார். என் வீட்டுக்காரர் "சரிங்க" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

தோட்டத்து எல்லையில், சிடாம் கிரி போகிற சாலையோரமாக அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் எங்கள் கடை, வீடு எல்லாம். மாட்டு வண்டிகளின் கழுத்துப் பட்டை, சுங்கை பட்டாணி டவுனில் ஓடும் குதிரை வண்டிகளின் கடிவாளம், வெள்ளைக்காரத் துரையின் சேணம் எல்லாம் அங்கேதான் பழுது பார்க்க வரும். தோல் வேலை செய்கிறவர்கள் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். சாலையில் நின்றபடியே வாரை உள்ளே வீசுவார்கள். ஜப்பான்காரன் வந்து, பெட்ரோல் இல்லாமல் மோட்டார் எல்லாம் நின்று, மறுபடி மாட்டு வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, வீசுகிறவர்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டே வீசினார்கள். எங்களுக்கு அது பெரிய முன்னேற்றம்.

கடையில் வெட்டுவது அவர், தைப்பது நான். இது ஊருக்குத் தெரியாது. பொம்பளை தைத்த வாரைக் கட்டினால் மாடு மிரளும் என்று வண்டிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. மாடு யாரிடம் சொன்னதோ தெரியவில்லை. அதனால் நான் சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தைப்பேன். அவர் முன்னால் உட்கார்ந்து வெட்டுவார். "உங்க தையல் மாதிரி கெடா சீமை பூரா தேடினாலும் கிடைக்காதுண்ணே" என்று யாராவது சொன்னால் "ம்" என்பார். திரைக்குப் பின்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உண்மையில் அவர் தைத்தால் தையல் கள்ளுக் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறவனைப் போல வளைந்து வளைந்து போகும். ஆனால் வெட்டினால் கோடு போட்டதுபோல இருக்கும். கண் மட்டும் அப்படி ஒரு கண்.

சேணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தோம். துரை பினாங்குக்கு ஓடியபோது விட்டுப்போன சேணம். மழை ஒழுகும் ஸ்டோரில் கிடந்து, வார்கள் எல்லாம் பூஞ்சை பிடித்து உளுத்திருந்தன. விரலால் அழுத்தினால் பிய்ந்தது. புதுத் தோல் வேண்டும். ஊரில் அறுக்கிற மாட்டின் தோல் முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்தது ஆட்டுத் தோல் துண்டுகள். ஆட்டுத் தோல் இழுத்தால் நீளும். அதிகாரி மறுபடி விழுவான்.

"தோலுக்கு என்னாங்க பண்றது?" என்றேன்.

"பாப்போம்" என்றார். மூன்று நாளில் ஒரு நாளைப் பார்த்தே முடித்தார்.

மறுநாள் நான் கிராணி வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

"கிராணி ஐயா, சேணத்துக்குத் தோல் வேணுங்க."

"தோலுக்கு நான் எங்க போவேன்? என் முதுகுல உரிச்சுக் குடுக்கவா?"

"அவ்வளவு வேணாங்க. உங்க கட்டிலுக்குக் கீழ இருக்கிற பெட்டி போதும்."

அவர் சாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எந்தப் பெட்டி?"

"துரையோட தோல் பெட்டி. பிஞ்ச கைப்பிடியை நாங்கதானே போட்டுக் குடுத்தோம். நல்லா நிக்குதுங்களா?"

துரை விட்டுப்போன சாமான் எதை வைத்திருந்தாலும் பட்டாளத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பெரட்டில் அறிவித்ததே கிராணிதான். ஒப்படைக்காதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் அவரே விளக்கமாகச் சொல்லியிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "குடுத்துத் தொலைங்க, அவ வாயி ஊரறிஞ்சது" என்றாள். கிராணி அதிலிருந்த சேலைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பெட்டியை ஒரு சாக்கில் சுற்றி வாசலில் வைத்தார்.

"வெளிய மூச்சு விட்டே, பாத்துக்க" என்றார்.

"உங்க பேரு என் வாயில வராதுங்க" என்றேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பெட்டித் தோல் சீமைத் தோல்தான், ஆனால் மெல்லியது. ஒரு மடிப்பு ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. இரண்டு மடிப்பாக வைத்து, சாதாரணமாகப் போடுவதைவிட இரண்டு பங்கு நெருக்கமாகத் தைத்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டோம். அவர் வெட்டிக் கொடுத்தார். கோத்தா கோலா மூடாவிலிருந்து கருவாடு கொண்டுவரும் மலாய்க்காரர் வலை பின்னும் நூல் கொஞ்சம் கொடுத்தார். மெழுகு தேய்த்து நான் உட்கார்ந்தேன். சேணத் தையலுக்கு ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் ஓட்டை போட்டு, இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அதே ஓட்டையில் விட்டு இரண்டு கையாலும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒரு கை கூடுதலாக இழுத்தால் தையல் சாயும். இரண்டு நாள் நிமிரவில்லை. விரல் இடுக்கில் நூல் அறுத்து ரத்தம் வந்தது. அவரைச் சயாமுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஒவ்வோர் ஓட்டைக்கும் அதையே நினைத்துத் தைத்தேன். அப்படி ஒரு தையல் அதற்கு முன்பு நான் போட்டதில்லை.

மூன்று நாள் கெடு முடிந்ததும் அதிகாரியே குதிரையை நடத்திக்கொண்டு கடைக்கு வந்தான். கிராணியும் பட்டியலோடு வந்திருந்தார். சேணத்தைக் கட்டி ஏறி, சாலையில் மெதுவாகப் போனான், பிறகு வேகமாகப் போனான், கண்ணுக்குத் தெரியாமல் போனான். நான் திரை ஓரமாக நின்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது குதிரை மேல்தான் இருந்தான். இறங்கி, சேணத்தின் பக்க மடிப்பைத் தூக்கி, வாரில் என் தையல் மேல் நகத்தை ஓட்டினான். நகம் எங்கேயும் தட்டவில்லை.

"பாகுஸ்" என்றான். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். யார் தைத்தது என்றும் கேட்டான். கிராணி என் வீட்டுக்காரரைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். கிராணி பட்டியலை எங்கள் கண் முன்னாலேயே விரித்து, ரப்பரால் அவர் பெயரை அழித்தார். தோட்டம் முழுக்க ரப்பர் மரம் இருந்தும், ரப்பர் இவ்வளவு நல்ல சாமான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று மரவள்ளிக்கிழங்கோடு கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவர் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். லாரி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனதை நாங்கள் வாசலுக்கு வந்து பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அதிகாரி மறுபடி வந்தான். கிராணி பின்னால் நடந்து வந்தார், முகம் சரியில்லை.

"ஆபீசர சயாமுக்கு மாத்திட்டாங்களாம்" என்றார் என் வீட்டுக்காரரிடம். "அங்க சாமான் சுமக்கிற குதிரை நெறைய இருக்காம். சேணமெல்லாம் பிஞ்சு கெடக்குதாம், குதிரைக்கெல்லாம் முதுகு புண்ணாம். உன்னை மாதிரி தைக்கிற ஆளு அவரு எங்கயும் பாக்கலியாம். நாளான்னிக்குக் காலையில கூட்டிக்கிட்டுப் போறாரு."

"சரிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன். தைச்சது நான், இவருக்குத் தைக்கவே வராதுன்னு சொல்லிடறேன்."

"உக்காரு" என்றார். எனக்குத் தெரிந்து அவர் என்னைப் பார்த்துச் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "சொன்னா என்னா ஆவும்? தைக்கத் தெரியாதவன்தானேன்னு மம்பட்டியக் குடுத்து லாரியில ஏத்துவான். தைக்கத் தெரிஞ்சவ நீயின்னா உன்னையும் ஏத்துவான். எது வேணும் உனக்கு?"

எனக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது இல்லை. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பெட்டித் தோலில் மிஞ்சியதை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"தைங்க."

இரண்டு நாள் அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பதைவிடத் திட்டினேன் என்பது பொருத்தம். "ரெண்டு கையும் ஒண்ணா இழுங்க. வலது கைக்கு மட்டும் சம்பளமா?" "இது என்னா தையலா, கோழி கிளறினதா?" அவர் பிரித்துப் பிரித்துத் தைத்தார். முதல் நாள் தைத்ததை நான் வெட்டி எறிந்தேன். ஓட்டையைக் கோணலாகப் போடுகிறார் என்று மதியத்துக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். வெட்டுகிற கண்ணுக்கு ஒரு கோடு வேண்டும். முதலில் நகத்தால் கோடு கிழித்துக்கொள்ளச் சொன்னேன். அதன் பிறகு தையல் நிமிர்ந்தது. இரண்டாம் நாள் கடைசியாக ஒரு முழ வார் தைத்துக் கொடுத்தார். பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"பரவால்ல" என்றேன். நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

காலையில் லாரி வந்தது. அவரைப் பின்னால் கூட்டத்தோடு ஏற்றவில்லை. முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மடியில் சேணம், சட்டைப் பையில் என் ஊசிகள். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். தைத்தது நான்டா, பாவி என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். ஊரே வாயாடி என்று சொல்லும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு நாள்தான். லாரி கிளம்பும்போது அவர், "கூரை மூலையில ஒழுகுது, யாரையாச்சும் கூப்பிட்டு மேஞ்சிக்க" என்றார்.

ஜப்பான்காரன் தோற்றுப்போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, இவர் பெயரை அழித்த பிறகு கிளம்பிய லாரியில் போனவன் ஒருத்தன் தோட்டத்துக் குடியிருப்பு லயத்துக்குத் திரும்பி வந்தான். அடையாளம் தெரியவில்லை. காலெல்லாம் புண். கடை வாசலில் வந்து உட்கார்ந்தான். பால் இல்லாத காப்பி கொடுத்தேன், குடித்தான்.

"அண்ணனப் பாத்தேன்க்கா" என்றான். "எங்க கேம்ப்புக்கே வந்தாரு. அவரு நல்லா இருந்தாரு. மண்ணு சுமக்கிறதெல்லாம் இல்ல, கூரைக்குக் கீழ உக்காந்து வேலை. நாங்க செத்துக்கிட்டு இருந்தோம். அவரு தனக்குக் குடுக்கிற சோத்துல எனக்குக் கொஞ்சம் தருவாரு. அதுலதான் நான் பொழைச்சேன். அவரு தையலப் பாத்துட்டுப் பக்கத்து கேம்ப்புல இருந்தெல்லாம் சேணம் வரும்க்கா."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எங்கே அவர், பின்னால் நடந்து வருகிறாரா என்று சாலையைக்கூடப் பார்த்தேன்.

"அப்புறம் ஏன்டா அவரு வரல?"

"பாதை முடிஞ்சதும் மிச்சமிருந்தவங்கள விட்டுட்டாங்க, நான்தான் காலு புண்ணால நடக்க முடியாம அங்கயே கெடந்துட்டேன். அண்ணனும் மூட்டை கட்டிட்டாரு. அந்த ஆபீசரு மட்டும் விடமாட்டேன்னுட்டான். குதிரைங்களோட பர்மா பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அப்படித் தைக்கிறவன எப்படிலா விடுவான்?"

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சண்டை முடிந்து திரும்பியவர்கள் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். பல வருஷம் கேட்டேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது தையல் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள், நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்கிறார்கள். அவருக்கும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம்.