ஜனவரியில் கொம்பிருக்காது

இல்வா தபால்காரி. வாரத்தில் ஐந்து நாள் நூற்றிருபது கிலோமீட்டர் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுகிறவள். அந்தப் பாதையில் எல்க் மான்கள் அவளுக்காகவே காத்திருப்பது போல நிற்கும். குதிரையைவிட உயரமான பிராணி, நடுவழியில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இல்வா கண்ணாடியை இறக்கி, "வழி விடு தாயி, எனக்கு இன்னும் நாப்பது வீடு இருக்கு" என்பாள். அதுவும் பெரிய மனசு பண்ணி ஒதுங்கும்.

அதே இல்வா செப்டம்பரில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு அதே காட்டுக்குள் போய் உட்கார்ந்தால், ஒரு எல்க்கின் காதுகூடக் கண்ணில் படாது. ஒரு வருடம் இரண்டு வருடம் என்றால் நேரம் சரியில்லை என்று சொல்லலாம். அவளுக்குப் பத்தொன்பது பருவம் ஆகிவிட்டது. எங்கள் வேட்டைக் குழுவில் ஒன்பது பேர். எட்டுப் பேர் சுட்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி போன வருடம்தான் சேர்ந்தவள்.

குறி தெரியாதவள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் குழு முழுக்கப் பயிற்சித் திடலுக்குப் போகும். அங்கே தண்டவாளத்தில் மர எல்க் ஒன்று குறுக்கே ஓடும். இல்வாவின் குண்டுகள் நாலும் அதன் நெஞ்சில் ஒரு காபிக் கோப்பை வட்டத்துக்குள் விழும். "மரத்துல செஞ்ச எல்க் இனத்தையே அழிச்சவ இவதான்" என்று சிக்ஸ்தேன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். சிக்ஸ்தேன் எங்கள் ஊர் மின்வேலைக்காரன். வாய்க்கு மட்டும் அவன் எந்தப் பருவத்திலும் விடுமுறை கொடுத்ததில்லை.

கறிக்காக அவள் ஏங்கவில்லை. யார் சுட்டாலும் கறி ஒன்பது பங்காகத்தான் பிரியும், அவள் வீட்டு உறைபெட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். வாழ்க்கையில் தன் முதல் எல்க்கைச் சுட்டவரின் தொப்பியில் குழுத் தலைவர் ஒரு பைன் கொழுந்தை ஒடித்துச் செருகுவார். அதுதான் அவளுக்கு வேண்டும். ஐம்பத்தொரு வயதில் ஒரு கொழுந்துக்காக மனசு இப்படி அடித்துக்கொள்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் அடித்துக்கொள்ளும்.

இப்படிப்பட்டவளுக்கு அந்த நவம்பரில் மாவட்டத்திலிருந்து வந்த கடிதம் தேனாக இனித்தது. எல்க் வேட்டைப் பருவம் ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறதே, பிப்ரவரி முடியும்வரை நீட்டிக்கலாமா, ஒவ்வொரு குழுவும் கருத்தை எழுதி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கு வேட்டைக் குடிலில் கிளம்பிய சத்தத்தில் கூரைப் பனி சரிந்தது.

"நீட்டணும்" என்றாள் தூவா. போன வருடம் சேர்ந்தவள் இவள்தான். காட்டுக் கம்பெனியில் வேலை. "நட்ட பைன் கன்னுல பாதிக்கு நுனியே இல்ல. எல்லாம் இதுங்க தின்னது. சுடறதுக்குக் குடுத்த ஒதுக்கீட்டையே நம்மளால முடிக்க முடியல."

"என் நாய்க்கும் பிப்ரவரி வரைக்கும் வேல கெடைக்கும்" என்றான் ஓஸ்தேன். இல்வாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ராஸ்கா என்கிற சாம்பல் நிறப் பெட்டை நாயைப் பற்றியன்றி வேறு எதைப் பற்றியும் அவன் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை.

தலைவர் ஹில்டிங் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எழுபத்து மூன்று வயது. காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு, அது ஊறும்வரை வாய் திறக்க மாட்டார். ஊறிய பிறகு சொன்னார்: "பிப்ரவரில பசு எல்க் வயித்துல குட்டி கனமா இருக்கும். பனி இடுப்பளவு. அதுல நாய விட்டுத் துரத்தறது வேட்டையா? அதவிட, ஜனவரியோட ஆண் எல்க்குக்குக் கொம்பு விழுந்துடும், கோடையிலதான் திரும்ப வளரும். கொம்பில்லாம நிக்கிறத ஆணுன்னும் பொண்ணுன்னும் எத வச்சுச் சொல்லுவீங்க?"

"வாலுக்குக் கீழ பாத்தா தெரியுமே, தலைவரே" என்றாள் இல்வா. "பொண்ணா இருந்தா அங்க வெள்ளைத் திட்டு இருக்கும். ஆணுக்கு இருக்காது. இது பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

"பாத்தா தெரியும்" என்றார் ஹில்டிங்.

"நான் பாக்கறேன். எனக்கு ஒரு மாசம் குடுங்க, போதும்."

"ஒரு மாசம் என்ன, இவளுக்கு ஆறு மாசம் நீட்டிச்சாலும் ஆகஸ்டுல மரத்தத்தான் சுடுவா" என்றான் சிக்ஸ்தேன். குடிலே சிரித்தது. இல்வாவும்தான் சிரித்தாள், ஆனால் கையை எல்லாருக்கும் முந்தித் தூக்கினாள். நீட்ட வேண்டும் என்று ஐந்து கை, வேண்டாம் என்று நாலு. ஹில்டிங் லேசுப்பட்ட ஆளில்லை. "கடுதாசி பிப்ரவரியில போனா போதும். பருவத்தோட கடைசி நாள் சாயங்காலம் திரும்பக் கை தூக்கச் சொல்றேன். அதுதான் கணக்கு" என்று முடித்துவிட்டார்.

அந்தக் கடைசி நாளும் வந்தது. குழுவின் ஒதுக்கீட்டில் ஒரே ஓர் ஆண் எல்க் பாக்கி. பசுக்களின் எண்ணிக்கை டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. காலையில் ஹில்டிங் தன் தொப்பியை நீட்ட, ஆளுக்கொரு பிர்ச் மரச் சில்லை எடுத்தார்கள். சில்லில் உள்ள எண்தான் அன்றைக்கு நிற்கும் இடம். இல்வாவுக்கு ஏழு. சதுப்பு நிலத்தின் ஓரம். பல வருடமாக அங்கே காட்டுக்கோழியைத் தவிர எதையும் யாரும் பார்த்ததில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து சிக்ஸ்தேனே, பாவம், வாயை மூடிக்கொண்டான்.

மதியம் இரண்டரை வரை ஒன்றுமில்லை. சூரியன் மறைந்தால் சுடக்கூடாது, அன்றைக்கு மூன்றே முக்காலுக்கு மறைவு. இல்வா தன் முக்காலியில் உட்கார்ந்து, கால் விரல்களைக் காலணிக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது காதில் மாட்டியிருந்த கருவியில் ஓஸ்தேனின் குரல் கரகரத்தது.

"கிளம்பிடுச்சு. ஒத்த எல்க். ராஸ்கா பின்னாடியே போறா. ஆறாம் நம்பர், தயாரா இரு."

ஆறாம் எண் தூவா. இல்வா மூச்சைப் பிடித்துக்கொண்டு தூவாவின் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. "என்னைத் தாண்டிப் போயிடுச்சு, மரத்துக்குப் பின்னால" என்றாள் தூவா, அழாக்குறையாக. அடுத்த நிமிடம் ஓஸ்தேன் கிசுகிசுத்தான்: "இல்வா. உன் பக்கம்தான். நேரா."

இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது என்பார்களே, அவளுக்கு அது காது வரை வந்து அடித்தது. குரைப்புச் சத்தம் நெருங்கியது. குறுமரங்கள் அசைந்தன, கிளைகளில் இருந்த பனி பொலபொலவென்று கொட்டியது, அந்தத் தூளுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. நீண்ட கால்கள், கரும்பழுப்பு உடம்பு, ஆவி பறக்கும் மூக்கு. தலையில் கொம்பில்லை. அறுபது அடி தூரத்தில், இல்வாவுக்கு நேர் முகமாக நின்றது. ராஸ்கா சுற்றிச் சுற்றி வந்து குரைத்து அதை அங்கேயே நிறுத்திவைத்தாள்.

பத்தொன்பது வருடம் வராதது வந்து நிற்கிறது. இல்வா துப்பாக்கியைத் தோளில் பதித்தாள். தூரம் சரி, வெளிச்சம் சரி, பின்னால் மண் மேடு, குண்டு வேறெங்கும் போகாது. ஒன்று மட்டும் தெரிய வேண்டும், அது ஆணா பெண்ணா.

ஒற்றையாக வந்திருக்கிறது, பசுவாக இருந்தால் கன்று கூட வருமே என்று ஒரு மனது சொன்னது. அக்டோபரில் நாம் இரண்டு கன்றைச் சுட்டோமே, அவற்றின் தாய்கள் இப்போது ஒற்றையாகத்தானே திரியும் என்று இன்னொரு மனது சொன்னது. மூக்கு கறுப்பு, ஆண் போலத்தான். ஆனால் தொண்டைக்குக் கீழே தொங்கும் தாடி சிறியது. திரும்பு, திரும்பு என்று அவள் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு தடவை பின்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போ, ராசா.

"ஏன் சுடல?" காதில் ஓஸ்தேன்.

இல்வா அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம். எட்டு. தென்மேற்கே வானம் செம்மையாகிக்கொண்டு வந்தது. குழுவே அந்தக் கருவியில் காதை வைத்து மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். ராஸ்கா பின்னங்காலைக் கவ்வப் பாய்ந்தாள். எல்க் சட்டென்று திரும்பியது. முழுசாக, வாலைக் காட்டி, நெஞ்சின் பக்கவாட்டையும் காட்டி நின்றது. மர எல்க்கூட அவ்வளவு அழகாக நின்றதில்லை.

வாலுக்குக் கீழே வெள்ளை.

ஆனால் அது தோலின் வெள்ளையா, பனியா? அந்தப் பிராணி பகல் முழுக்கப் பனியில் படுத்திருக்கிறது. பிட்டம், தொடை, வால் எல்லாவற்றிலும் பனிக்கட்டி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. இல்வா துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் கண் வலிக்கப் பார்த்தாள். பனி போலவும் இருந்தது, திட்டு போலவும் இருந்தது. விரல் விசையின் மேல் இருந்தது. சுட்டுவிடு, ஆணாகத்தான் இருக்கும் என்று உடம்பெல்லாம் கத்தியது. அவள் விரலை எடுத்தாள்.

பதினோராவது நிமிடம் எல்க் நாயை உதறிவிட்டுச் சதுப்பைத் தாண்டி ஓடியது. இல்வா முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கருவியின் பொத்தானை அழுத்தாமல்தான் அழுதாள்.

ஓஸ்தேன் பனியில் புதைந்து புதைந்து வந்து சேர்ந்தபோது முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. "என் நாய் நாலு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து உன் மடியில போட்டுச்சு. நீ என்ன பண்ணுன? வேடிக்கை பாத்தியா?"

"தெரியலடா."

"என்ன தெரியல?"

"ஆணா பொண்ணான்னு தெரியல. பனி ஒட்டியிருந்துச்சு."

ஹில்டிங்கும் வந்தார். தடத்தோடு நாற்பது அடி நடந்து போய்க் குனிந்தார். ஓடுகிற வழியில் எல்க் சிறுநீர் விட்டிருந்தது. மஞ்சள் கறை பின்னங்கால் தடத்துக்கு முன்னால், நட்ட நடுவில் விழுந்திருந்தது. பசுவாக இருந்தால் தடத்துக்குப் பின்னால்தான் விழும். அதை எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று பேரும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆணு" என்றார் ஹில்டிங், ரொம்ப மெதுவாக.

குடிலில் அடுப்பு சிவந்து எரிந்தது. தூவா எல்லாருக்கும் தொத்திறைச்சி வாட்டிக் கொடுத்தாள், இல்வாவுக்கு மட்டும் இரண்டு. அந்த இரண்டாவது துண்டைக் கண்டதும் இல்வாவுக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஹில்டிங் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார்.

"பிப்ரவரி வரைக்கும் நீட்டணும்ங்கறவங்க கை தூக்குங்க."

சிக்ஸ்தேன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். "நான் இல்வாவுக்காகத் தூக்கறேன்யா. கேலி இல்ல, நெசமாத்தான். அந்த ஆணு இன்னும் அந்தச் சதுப்புப் பக்கம்தான் திரியும். ஒரு மாசம் குடுத்தா நம்ம புள்ள சுட்டுரும்." தூவாவின் கை எழுந்தது. இன்னொரு கை. பிறகு ஓஸ்தேன், இன்னும் முறைத்துக்கொண்டே. நாலு. ஐந்தாவதுக்காக எல்லாரும் இல்வாவைப் பார்த்தார்கள்.

அவள் கை மேசையின் மேலேயே கிடந்தது.

"தூக்குடி" என்றாள் தூவா. "உன் எல்க் அது."

"எனக்காக யாரும் தூக்க வேணாம்" என்றாள் இல்வா. "நவம்பர்ல நான்தான் சொன்னேன், பாத்தா தெரியும்னு. இன்னிக்குப் பாத்தேன். அறுபது அடி. பட்டப்பகல். பதினோரு நிமிஷம். எனக்குத் தெரியல. இப்ப ஆணுன்னு தெரியுது, அது போனப்புறம், மூத்திரத்தப் பாத்து. அது பொண்ணா இருந்து, வயித்துல ரெண்டு இருந்து, நான் சுட்டிருந்தா? எனக்கு எவ்வளவு ஆசைன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா சுட்டிருப்பேன். சத்தியமா சுட்டிருப்பேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஹில்டிங் நாலு என்று குறித்துக்கொள்ள, தூக்கிய கைகள் இறங்கின.

"வேணாம்ங்கறவங்க?" என்றார் ஹில்டிங். தன் கையை மட்டும் அவர் கடைசியாகத் தூக்கினார், இல்வாவின் கை மேலே போன பிறகு. ஐந்து. அவர் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஓஸ்தேன் எழுந்து போய், கெட்டிலை எடுத்து வந்து இல்வாவின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினான். அவள் முகத்தைப் பார்க்காமலேதான் நிரப்பினான்.

"செப்டம்பர் மொத திங்கக்கிழம காலையில, உனக்கு எந்த நம்பர் விழுந்தாலும் சரி, ராஸ்காவ உன் பக்கம்தான் விடுவேன்."

"விடு" என்றாள் இல்வா. "அடுத்த தடவ கொம்போட கூட்டிட்டு வரச் சொல்லு."