பெற்றுக்கொண்டதாக நான் எழுதியது

போய்ச் சேராத ஒரு தகவலைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நானே எழுதினேன். அதனால் ஒரு பெண் சாகக் கிடந்தாள். அந்தப் பழியை வேறொருவர் சுமக்கும்படி விட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மலேசியாவின் மலாக்கா நகரில் ஒரு தோட்ட நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டம், ஜாசின் பக்கம் ஒன்று. இரண்டிலும் தனித்தனித் தரவுத்தளம். தொழிலாளர்களின் வருகை, இடமாற்றம், மருத்துவக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். இரண்டையும் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்தது நான்தான். பெருமழை வந்தால் கம்பி செத்துவிடும். ஆகவே தகவல், வழியில் யாரும் படிக்காதபடி பூட்டப்பட்டு, ஒரு வரிசையில் காத்திருக்கும். லைன் கிடைத்ததும் போகும். அந்தப் பக்கம் அதைத் திறந்து எழுதிக்கொண்டு ‘பெற்றேன்’ என்று பதில் சொல்லும்வரை இந்தப் பக்கம் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். முன்னால் நிற்பது போகாமல் பின்னால் நிற்பது போகாது. எதுவும் தொலையாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

ஒரு காலை லூபோக் சீனாவிலிருந்து தோட்டத்து எழுத்தரான கிராணி அழைத்தார்.

“சார், நேத்துலேருந்து ஒன்னுமே நவரல-லா. மேனேஜர் என் உசுர வாங்குறாரு. உங்க மிஷினு தூங்குதா?”

பார்த்தேன். வரிசையின் முன்னால் ஒரே ஒரு தகவல் அடைத்துக்கொண்டு நின்றது. கல்யாணமாகி ஜாசின் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணுடையது. அடையாள அட்டை எண் இல்லையென்று ஜாசின் தரவுத்தளம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டவள். அட்டை இல்லாதவர் தோட்டத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எண் இல்லாமல் எவரையும் ஏற்காதபடி ஜாசின் பக்கத்தை அமைத்தவனும் நானே.

பூட்டிய தகவலைத் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது. திறக்கவில்லை. ‘பெற்றேன்’ என்ற பதிலை என் கையால் எழுதினேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடைப்பு நீங்கியது. தேங்கிக் கிடந்ததெல்லாம் மடமடவென்று போகத் தொடங்கியது.

மதியம் ஜாசின் தோட்ட மருந்தகத்தில் ஊசி மருந்து போடும் டிரஸர் அழைத்தார். நிதானமான மனிதர்.

“சார், லூபோக் சீனா பொண்ணு ஒன்னு வந்திருக்கு. கால்ல செம்பனை முள்ளு குத்தி சீழ் வச்சிருக்கு, காய்ச்சல் கொதிக்குது. சின்னதுல ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சிருச்சாம். என்ன ஊசின்னு அதுக்குத் தெரியல. இங்க ஸ்கிரீன்ல ஒன்னும் காணோம்.”

“லூபோக் சீனாவுலயே கேக்க வேண்டியதுதானே?”

“லைன் பிஸி சார். எத்தன தடவ அடிக்கிறது?”

லைனைப் பிடித்துவைத்திருந்தது என் வரிசைதான். அதை நிறுத்தியிருக்கலாம். சாவியை எடுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். காலையில் செய்தது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

“ரெக்கார்டு வந்து சேந்திருச்சுன்னு இருக்கு. ஒன்னும் காட்டலன்னா, எழுதி வைக்கிற மாதிரி ஒன்னும் இல்லன்னு அர்த்தம்.”

“நிச்சயமா சார்?”

“நிச்சயமா.”

போனை வைத்த பிறகுதான் சாவியால் அந்தத் தகவலைத் திறந்து பார்த்தேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஜாசின் மருந்தகத்துக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு அடைத்து அவள் விழுந்திருக்கிறாள். டிரஸர் மாற்று ஊசி போட்டு, தோட்டத்து லாரியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்தாள்.

விசாரணை தலைமை அலுவலகத்தில் நடந்தது. நிர்வாகி பதிவைக் காட்டினார். “தகவல் வந்திருக்கு. பாக்காம ஊசி போட்டிருக்கீங்க.”

டிரஸர் என் பக்கம் திரும்பினார். “போன்ல கேட்டேனே, நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க சார்.”

“பெற்றதாகத்தான் பதிவாகியிருக்கு” என்றேன். டிரஸருக்கு வேலை போயிற்று.

சில மாதங்கள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பிறகு நிர்வாகியிடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். டிரஸர் மீதிருந்த குற்றச்சாட்டை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் வேலையைத் திருப்பித் தரவில்லை. என்னை விலகச் சொன்னார்கள். விலகுவதற்குள், அட்டை எண் இல்லாதவரையும் ஜாசின் பக்கம் ஏற்கும்படி மாற்றிவைத்தேன்.

டிரஸர் மஸ்ஜித் தானா ஊரில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் மருந்துக் கடையில் வேலைக்கு நின்றார். தேடிப்போய் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

“எங்கிட்ட எதுக்கு சார்? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அந்தப் பொண்ணு இன்னும் நான் கண்ண மூடிக்கிட்டு குத்திட்டேன்னு நெனைக்குது. அங்க போயி சொல்லுங்க.”

போனேன். ஜாசின் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில், லயத்து வாசலில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் என் சட்டையைப் பிடிக்க வந்தான். “சும்மா இருங்க, சொல்லட்டும்” என்று தடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

“அப்ப டிரஸரு மேல தப்பில்லையா ஐயா?”

“இல்லம்மா. என் தப்பு.”

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. “ஒத்துக்காதுன்னீங்களே, அந்த மருந்து பேரு என்னா? ஆஸ்பத்திரில மலாய்ல என்னமோ சொன்னாங்க, வெளங்கல.”

சொன்னேன். திருப்பிச் சொன்னாள். தடுமாறியது. மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னாள். சரியாக வரும்வரை என்னைப் போகவிடவில்லை.

“இனிமே எங்க போனாலும் நானே வாயால சொல்லிக்கிறேன்” என்று வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.