கைராசிக்காரியின் பருத்தித் துணி

மீனைத் தண்ணீரில் விடுவதற்கு ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள் என்றால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். முதல் மாதம் அவள் கணவரே நம்பவில்லை. "பிடிக்கிறதுக்குக் காசு குடுப்பாங்க, சரி. விடுறதுக்குமா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஏற்றிய ஆளைப் பத்திரமாக இறக்கிவிடுவதுதான் தன் பிழைப்பிலும் பாதி என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

ஏரிக்கரையில் ஒரு தூண்டில் சங்கம் இருந்தது. மீன் தின்பதற்காக அங்கே யாரும் வருவதில்லை. பிடிக்க வேண்டும், எடை போட வேண்டும், ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிட வேண்டும். அதுதான் சங்கத்தின் சட்டம். அந்தக் கடைசிக் காரியத்துக்குத்தான் அவளை வைத்திருந்தார்கள். படகுத்துறையின் கடைசி மரப்படியில், காலை முழங்கால் வரை தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருப்பாள். இழுத்து இழுத்துக் களைத்துப்போன மீனைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பார்கள். மூக்கு வளைந்த குறட்டால் வாயில் மாட்டிய தூண்டில் முள்ளை எடுப்பாள். பிறகு வயிற்றுக்கடியில் ஒரு கை, வால் பக்கம் ஒரு கை வைத்துத் தண்ணீருக்குள் பிடித்துக்கொள்வாள். செவுள் முதலில் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். மெல்ல மெல்ல நிதானத்துக்கு வரும். அப்புறம் உள்ளங்கையில் ஒரு சின்ன உதறல். மீன் போய்விடும்.

அந்த உதறலுக்காகத்தான் அவள் பத்தொன்பது வருடம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் எல்லாம் அப்புறம்தான்.

காலையில் ஏரி கண்ணுக்கே தெரியாது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் வரும், யாரோ இருமுவார்கள், படகு மட்டும் வராது. தண்ணீர் எது, காற்று எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் விட்ட மீன் ஏரிக்குள் போனதா, மூட்டத்துக்குள் ஏறிப் போனதா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். மதியம் வீட்டுக்குப் போய்ச் சற்றுக் கண்ணயர்ந்தால், தூக்கத்திலும் கை மீனைத் தாங்கியபடியே இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரோ தூக்கத்தில் கியர் மாற்றுவார். "தூங்குனாலும் ரெண்டு பேருக்கும் டூட்டிதான், ஓவர்டைம் கேக்கணும்" என்பார் எழுந்ததும்.

சங்கத்தில் அவளுடைய பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் கைராசி. "கைராசி கிட்ட குடுங்க, செத்த மீனும் நீந்தும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் செயலாளர் சொல்வார். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற ஆள் அவர். "அட, போங்க சார்" என்பாள் இவள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிடும். குளிராதா பின்னே?

அந்தக் கைராசிக்கு ஒரு துணை உண்டு. துணிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பெரிய மீன் அவள் கையிலிருந்து வழுக்கிப் பலகையில் விழுந்து செத்தது. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பழைய தலையணை உறைகளைக் கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து எடுத்து வந்தாள். மீன் கைக்கு வந்ததும் அந்தத் துணியால் தலையிலிருந்து வால் வரை வழுவழுப்பு போகத் துடைத்து, துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்து முள்ளை எடுப்பாள். அதற்குப் பிறகு ஒரு மீன்கூட அவள் கையிலிருந்து விழுந்ததில்லை. குளிக்க வைத்த குழந்தையைத் துவட்டி அனுப்புகிற மாதிரி அவளுக்கு இருக்கும். தினமும் சாயங்காலம் அந்தத் துணிகளைச் சோப்புப் போட்டு அலசி, மறுநாள் மொறுமொறுவென்று காய்ந்த பிறகுதான் எடுத்துப் போவாள். ஈரத் துணி வழுக்கும் என்பது அவள் கட்சி.

பல வருடமாகவே எதிர்க்கரை நாணல் ஓரத்தில் செத்த மீன்கள் ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முள் சரியில்லை, வெயில் அதிகம், தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள். கடைசியில் மீன்வளத் துறையிலிருந்து கடிதம் வந்தது. விட்ட மீன்களில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் செத்தால் தூண்டிலுக்கே தடை. சங்கத்தை மூட வேண்டியதுதான். அதோடு அவள் வேலையும் போய்விடும்.

சோதிக்க வந்தவர் ஒரு பெண் ஆய்வாளர். சின்ன வயதுதான், ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் வரும்வரை நகராத ரகம். படகுத்துறைக்குப் பக்கத்தில் இரண்டு வலைக்கூண்டுகளை இறக்கினார். தூண்டில்காரர்களே முள்ளை எடுத்து விடுகிற மீன்கள் பதினான்கு இடது கூண்டில். கைராசி கை வைத்து விடுகிற பதினான்கு வலது கூண்டில். பத்து நாள் பார்க்க வேண்டும்.

"மீன் நீந்திப் போயிட்டா பொழைச்சுடுச்சுன்னு அர்த்தம் இல்லீங்க" என்றார் ஆய்வாளர். "நம்மள மூச்சு வாங்க ஓடவிட்டு, நின்னதும் மூக்கைப் பொத்தினா எப்படி இருக்கும்? அதுக்கு அப்படித்தான் இருக்கு. உடம்பு பழையபடி ஆக மணிக்கணக்காகும். சிலது நாள் கழிச்சு சாகும், நமக்குத் தெரியவே தெரியாது."

"என் கையால போனது சாகாதும்மா" என்றாள் இவள். கர்வமாகச் சொல்லவில்லை. கிழக்கில் சூரியன் வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

தினமும் காலை ஆறு மணிக்குக் கூண்டுகளைப் பார்த்து எழுதிவைக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. முதல் மூன்று நாளில் இடது கூண்டில் ஒன்று செத்தது. முள்ளை ஆழமாக விழுங்கிய மீன் அது. வலது கூண்டில் ஒன்றுமில்லை. செயலாளர் துள்ளிக் குதித்தார். "நான் சொல்லலை? கைராசி இருக்கும்போது நமக்கென்ன பயம்!" அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாம் நாள் வலது கூண்டின் மீன்கள் ஒரு மூலையில் அசையாமல் நின்றன. தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டாள். ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பனிமூட்டம் தண்ணீருக்குள்ளும் இறங்கிவிட்டதோ என்னவோ.

ஆறாம் நாள் வலது கூண்டில் மூன்று மீன்கள் மிதந்தன.

ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள். அதன் விலாவில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நீளநீளமாக நான்கு கோடுகள். திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் அகலமாக ஒன்றே ஒன்று. அடுத்த மீனிலும் அதேதான். நான்கும் ஒன்றும். கூண்டுக்குள் உயிரோடு இருந்த பதினொன்றும் அதே வெள்ளைக் கோடுகளைச் சுமந்துகொண்டு மெல்லத் திரும்பின. இடது கூண்டை ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தவை பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிய வேண்டாம் என்று மனம் அடம்பிடித்தது. பிறகு கையை விரித்துச் செத்த மீனின் மேல் வைத்தாள். நான்கு கோடுகளில் நான்கு விரல்கள் உட்கார்ந்தன. மறுபக்கம் கட்டைவிரல். கச்சிதமாக இருந்தது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அந்த வழுவழுப்பு அழுக்கு இல்லை. மீனின் காவல் அது. காய்ந்த துணியை வைத்து அவள் அழுத்தித் துடைத்த இடத்தில்தான் நோய் புகுந்திருந்தது. கண்ணும் கருத்துமாக, ஒவ்வொரு மீனுக்கும், பத்தொன்பது வருடம் அதைச் செய்திருந்தாள்.

படகுத்துறையில் யாரும் இல்லை. ஏரி வழக்கம்போல வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தது. வலது கூண்டின் கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் கட்டியிருந்தது. முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது என்று சொன்னால் செயலாளர் நம்புவார், ஊரே நம்பும். அவள் முடிச்சை அவிழ்த்தாள். வலை ஒரு பக்கம் சரிந்து வழி திறந்தது.

"போங்க" என்றாள். "போயிடுங்க, கண்ணுங்களா."

ஒன்றுகூடப் போகவில்லை. பதினொன்றும் திறந்த வழிக்கு எதிரே, செவுள் அடிக்க, நின்ற இடத்திலேயே நின்றன. போகிற தெம்பு அவற்றுக்கு இல்லை. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதாள். பிறகு கயிற்றை இழுத்து முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு ஆய்வாளருக்குப் போன் செய்தாள்.

"அம்மா, கொஞ்சம் சீக்கிரம் வாங்க. மீனை யாரு கொல்றாங்கன்னு தெரிஞ்சுடுச்சு."

"யாருங்க?"

"நான்தாம்மா. துணியால தொடைச்சுத் தொடைச்சு."

இவளே எல்லாவற்றையும் சொன்னாள். கோடுகளைச் சொன்னாள், விரல் வைத்துப் பார்த்ததைச் சொன்னாள், முடிச்சை அவிழ்த்ததையும் மறைக்கவில்லை.

"கேளுங்க" என்றார் ஆய்வாளர் மெதுவாக. "இது நல்ல சேதி. துணியை விட்டுட்டு, மீனைத் தண்ணிக்கு வெளிய எடுக்காமலே முள்ளை எடுத்தா போதும். அப்படியே விட்டுடலாம். ஏரியை மூட வேண்டாம்னு நானே எழுதிக் குடுப்பேன். உங்க வேலையும் போகாது. ஆனா காரணம்னு ஒண்ணு எழுதித்தான் ஆகணும். யார் கைன்னு கேப்பாங்க."

"எழுதுங்க. கைராசின்னே எழுதுங்க, அப்பத்தான் எல்லாருக்கும் புரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இங்க இருக்கிற பதினொண்ணு பொழைக்குமா?"

"நாலஞ்சு பொழைக்கலாம். வந்து பார்க்கிறேன்."

"சரி." பிறகு கேட்டாள். "இதுக்கு முன்னாடி விட்டதெல்லாம்?"

ஆய்வாளர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்தாள்.